வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு

காலை ஏழு மணிக்கு முன்னர் வெள்ளவத்தைக் காலி வீதியில் நின்று பார்த்தவர்களுக்கு இந்த ஊரின் இன்னொரு முகம் தெரிந்திருக்கும். புடவைக் கடைகளும் நகைக் கடைகளும் பூட்டிக் கிடக்கும். கடல் பக்கத்து ஒழுங்கைகளில் இருந்து பெண்கள் கூடைகளோடு வருவார்கள். கூடைக்குள் இடியப்பம், பிட்டு, சம்பல், சிறிய பைகளில் கட்டிய சொதி. பெரும்பாலானவை முதல் நாளே சொல்லி வைத்த வீடுகளுக்கும் லொட்ஜ்களுக்கும் போகும். மிஞ்சியதைத்தான் பஸ் தரிப்பிடத்துக்கு அருகே நின்று விற்பார்கள். எட்டரை மணிக்குப் பிறகு தேடினால் அவர்களில் ஒருவரையும் காண முடியாது.

அவர்களில் ஓர் அக்காவை எனக்கு ஏழு வருடமாகத் தெரியும். முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்தவர். 2009இல் கணவரை இழந்து, மெனிக் பாம் முகாமில் இருந்துவிட்டு, பிறகு மகனின் வைத்தியத்துக்காகக் கொழும்புக்கு வந்தவர். வந்தது மூன்று மாதத்துக்கு என்று. அந்த மூன்று மாதம் இன்னும் முடியவில்லை. ஒரு அறையும் ஒரு குசினியும். வாடகை கொடுத்து, மருந்து வாங்கி, மகளைப் படிப்பிப்பது எல்லாம் அந்த இடியப்ப உரலில்தான். 2022இல் காஸ் சிலிண்டருக்கு நாள் கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில் மண்ணெண்ணெயும் கிடைக்காமல், பழைய பலகைகளை உடைத்து மொட்டை மாடியில் அடுப்பு மூட்டினார். வீட்டுக்காரர் கண்டு பேசினார். மறுநாளும் மூட்டினார்.

இந்த வருடம் அவர் என்னிடம் ஒரு கேள்வியோடு வந்தார். "தங்கச்சி, நான் இப்பிடிக் களவெடுத்தவள் மாதிரி ஒளிச்சு ஒளிச்சு எவ்வளவு காலத்துக்கு விக்கிறது? ஒரு மேசை போட்டு இருந்து விக்க யாரிட்டக் கேக்க வேணும்?"

கேள்வி சின்னதுதான். எனக்குச் சரியான பதில் தெரியவில்லை. சமூகவியல் பட்டத்துக்காக நகரங்களைப் பற்றி எத்தனையோ பக்கம் எழுதியிருக்கிறேன். ஒரு மேசையை எங்கே போடலாம் என்று அதில் ஒரு வரியும் இல்லை. ஆகவே இருவருமாகத் தேடத் தொடங்கினோம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அலைந்து அறிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அறிந்தது இது. தன் சொந்த முழுப் பெயரிலேயே தொழில் செய்பவர் வியாபாரப் பெயர்ப் பதிவு செய்ய வேண்டியதில்லை. கடைக்கு வேறு பெயர் வைத்தால்தான் அது தேவை. ஆனால் உணவுக்கடை என்றால் மாநகர சபையின் வருடாந்த அனுமதிப்பத்திரம் வேண்டும். அதற்கு முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து சமைக்கும் இடத்தையும் தண்ணீரையும் கழிவுநீர் போகும் வழியையும் பார்ப்பார். 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டம் அவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. அக்கா இதைக் கேட்டுப் பயந்துவிட்டார். எனக்கென்னவோ இது பயப்பட வேண்டிய விடயமாகத் தெரியவில்லை. அவருடைய குசினியைப் பார்த்தவள் நான். பரிசோதகர் வந்தால் அங்கேயே ஒரு பிட்டுச் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார். சிக்கல் குசினியில் இல்லை. மேசை போடும் இடத்தில் இருக்கிறது. நடைபாதை எவருடைய சொந்தமும் இல்லை. அதில் இருந்து விற்க ஒருவருக்கு இடம் கொடுப்பதும் ஒருவரை எழுப்புவதும் நகரத்தை நிருவகிப்பவர்கள் எடுக்கும் முடிவுகள்.

அந்த முடிவுகள் எடுக்கப்படும் வெள்ளை மண்டபத்தை 155 இலக்க பஸ்ஸில் போகும்போது எத்தனையோ தடவை கடந்திருக்கிறோம். விகாரமகாதேவிப் பூங்காவுக்கு முன்னால் தூண்களோடும் குவிமாடத்தோடும் நிற்கும் நகர மண்டபம் 1928இல் கட்டப்பட்டது. மாநகர சபை அதைவிடப் பழையது, 1865ஆம் ஆண்டுச் சட்டத்தினால் வந்தது. அதன் வரலாற்றில் ஒரு பெண் மேயராக வர 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ரோசி சேனாநாயக்க முதலாமவர். 2025 ஜூன் 16ஆம் திகதி சபைக்குள் நடந்த வாக்கெடுப்பில் வென்ற விராய் கெலி பல்தசார் இரண்டாமவர். உள்ளூராட்சி சபைகளில் நூற்றுக்கு இருபத்தைந்து இடம் பெண்களுக்கு என்ற சட்டமும் 2018 தேர்தலில்தான் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நாடு முழுவதும் உள்ளூராட்சி உறுப்பினர்களில் பெண்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான் இருந்தார்கள். பெண் உறுப்பினர் வந்துவிட்டால் நடைபாதைப் பெண்ணின் பாடு தானாகத் தீர்ந்துவிடும் என்று நான் நம்புகிறவள் இல்லை. ஆனால் கழிப்பறை இல்லாத சந்தையில் நாள் முழுதும் தண்ணீர் குடிக்காமல் இருந்து விற்பது என்ன என்று ஒரு பெண்ணுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இதற்கிடையில் ஒரு காலம் கேட்பதற்கே ஆள் இல்லாமல் போனது. 2018இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அந்த மாதம் நடக்க வேண்டிய தேர்தல் பணம் இல்லை என்று பிற்போடப்பட்டது. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்ட்டில் தீர்ப்பளித்தது. கடைசியில் 2025 மே 6ஆம் திகதிதான் வாக்களிப்பு நடந்தது. இரண்டு வருடத்துக்கும் மேலாக வட்டாரத்துக்கு உறுப்பினர் இல்லை. சபை அதிகாரிகளின் கையில் இருந்தது. அதிகாரிகள் வேலை செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. குப்பை எடுத்தார்கள், சோலைவரி அறவிட்டார்கள். ஆனால் வீட்டு வாசலில் வந்து வாக்குக் கேட்ட ஒருவரிடம் "எங்கட கான் உடைஞ்சு கிடக்கு" என்று சொல்வதும், ஒரு கவுண்டரில் இலக்கம் எடுத்து நின்று சொல்வதும் ஒன்றா?

கொட்டாஞ்சேனையில் இறங்கும்போது மணி பத்து. வெள்ளவத்தையின் மாடி வீடுகளைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் தெருக்கள் ஒடுங்கி, வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்பதுபோல் இருக்கும். புனித லூசியாள் பேராலயத்தின் குவிமாடம் மேலே தெரிகிறது. கொச்சிக்கடைப் பக்கம் போனால் அந்தோனியார் கோவில். 2019 உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்த இடம். கொஞ்சம் தள்ளிக் கருங்கல்லாலான பொன்னம்பலவாணேசுவரர் கோயில். எல்லா வாசல்களிலும் பூ, கற்பூரம், மெழுகுதிரி விற்கும் பெண்கள். மதம் எதுவாக இருந்தாலும் மடித்து உட்கார்ந்த கால் ஒன்றுதான்.

அங்கே புளூமெண்டால் வீதிப் பக்கம் எங்கள் பெண்கள் குழுவில் ஓர் அம்மா இருக்கிறார். மரக்கறி விற்பவர். "வாங்க மிஸ்" என்று கதிரையைத் துடைத்துப் போட்டவர், அக்காவைப் பார்த்து, "இவங்க வன்னிப் பக்கமா? முகத்திலேயே தெரியுது" என்றார். அவர் வாழ்ந்தது கொழும்பின் குப்பை மலைக்கு அருகில். நகரத்தின் குப்பை முழுவதும் வருடக்கணக்காக அங்கேதான் கொட்டப்பட்டது. 2009இல் உயர் நீதிமன்றத்தின் உத்தரவோடு அது நிறுத்தப்பட்டது. இங்கே உள்ளவர்கள் மூச்சு விட்டார்கள். குப்பை மீதொட்டமுல்லைக்குப் போனது. அங்கே அது மலையாகி, 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளில், வீடுகளின் மேல் சரிந்து முப்பதுக்கும் அதிகமானோரைக் கொன்றது. "எங்க வாசல்ல இருந்தத அந்தப் புள்ளைங்க வாசலுக்குத் தள்ளிட்டாங்க மிஸ். நாங்க கேட்டது குப்பைய எடுங்கன்னுதான். இன்னொருத்தர் தலையில போடுங்கன்னு கேக்கல" என்றார் அந்த அம்மா. இதை அவர் சொன்னபோது அக்கா ஒன்றும் பேசவில்லை. கையிலிருந்த தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த அம்மாவின் வியாபாரத்தையும் ஒரு முடிவு மாற்றியது. முன்னர் விடியற்காலையில் புறக்கோட்டை மெனிங் சந்தைக்கு நடந்து போய், சுமக்கக் கூடிய அளவு வாங்கி, நடந்தே வருவார். 2020 நவம்பரில் மொத்தச் சந்தை களனி ஆற்றுக்கு அப்பால் பேலியகொடைக்குப் போனது. புதிய இடம் விசாலமானது, லொறிகளுக்கு வசதி, புறக்கோட்டையில் நெரிசல் குறையும் என்பதெல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனால் தலைச்சுமை வியாபாரிக்கு இரண்டு பக்கமும் ஓட்டோக் கூலி. இலாபத்தில் அது போனபின் மிஞ்சுவது என்ன? இப்போது மூன்று பெண்கள் சேர்ந்து ஓர் ஓட்டோ பிடிக்கிறார்கள். இதேபோல் புறக்கோட்டை நடைபாதை வியாபாரிகளுக்கென்று 2014இல் பேர வாவிக் கரையில் மிதக்கும் சந்தையைக் கட்டினார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆட்கள் நடக்கும் வழியில் இருந்து வியாபாரியை விலக்கி வைத்தால் கடை இருக்கும், வாங்குகிறவர் இருக்க மாட்டார். பல கடைகள் பிறகு மூடிக் கிடந்தன.

நல்ல முடிவுகளும் இந்த நகரத்தில் எடுக்கப்பட்டிருக்கின்றன. எண்பதுகளில், பத்து இலட்சம் வீட்டுத் திட்ட காலத்தில், தோட்டங்களில் கிணறு, கான், நடைபாதை கட்டும் வேலையை ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்காமல் அங்கு வசிக்கும் மக்களின் சங்கத்துக்கே கொடுத்தார்கள். தன் வாசல் கானைத் தானே கட்டுகிறவள் சீமெந்தைக் குறைப்பாளா? 1989இல் கொழும்பின் தோட்டங்களில் பெண்கள் சிறு சிறு குழுக்களாகச் சேர்ந்து கிழமைக்குச் சில ரூபாய் சேமிக்கத் தொடங்கினார்கள். 1991இல் அது கூட்டுறவுச் சங்கமாகப் பதிவாகி, பெண்கள் வங்கி என்ற பெயரில் வளர்ந்தது. கடன் கேட்பவளைக் குழுவில் உள்ள அயலவளே அறிந்திருப்பாள் என்பதுதான் அதன் பிணை. நுண்கடன் கம்பனிகளிடம் அகப்பட்டு வட்டிக்கு மேல் வட்டி கட்டிய வடக்கு கிழக்குச் சகோதரிகள் இந்த வேறுபாட்டை நான் சொல்லாமலே அறிவார்கள். 2018இல் வரட்சி பாதித்த மாவட்டப் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாய்க்குட்பட்ட கடன்களை அரசாங்கமே பொறுப்பேற்க வேண்டிய நிலை வந்தது எதனால்?

அந்த அம்மா அக்காவிடம் கேட்டார்: "உங்களுக்கு வோட்டு எங்க?" அக்காவின் பெயர் இன்னும் முல்லைத்தீவு வாக்காளர் இடாப்பில்தான் இருக்கிறது. "அப்ப உங்க வட்டாரத்து ஆளு உங்களுக்கு என்னத்துக்குச் செய்வாரு?" என்றார். எனக்கு உறைத்தது. இத்தனை வருடம் அவரோடு பழகியும் இதை நான் கேட்டதே இல்லை. அக்கா பதிவு செய்யாததற்குக் காரணம் சோம்பல் இல்லை. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களில் இருந்த 376 தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தும்படி இடைக்காலத் தடை விதித்தது. அன்று அக்காவின் ஒன்றுவிட்ட தங்கை அந்த பஸ் ஒன்றில் இருந்தாள். கொழும்பில் பெயர் பதிவது என்றால் அக்காவுக்கு இன்றும் பொலிஸ் பதிவுதான் நினைவுக்கு வருகிறது. வாக்காளர் பதிவு கிராம உத்தியோகத்தரிடம் செய்வது என்று அன்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சொன்னேன்.

இன்னொரு தயக்கமும் இருந்தது. ஓர் அலுவலகத்தில் சிங்களத்தில் மட்டும் இருந்த படிவத்தில் வாசிக்காமலே கையெழுத்து வைத்து ஒரு தடவை அலைந்தவர் அவர். வடக்கு கிழக்குக்கு வெளியிலும் தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இல் வந்து, 2017 பெப்ரவரியில் இருந்து நடைமுறையில் உள்ளது. உள்ளூராட்சி சபைகளும் அதற்குள் அடங்கும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். பதினான்கு வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம்.

அன்றிரவு அக்காவின் அறையில் இருந்து கடிதம் எழுதினோம். எங்கள் வட்டாரத்தில் நடைபாதையில் விற்க எத்தனை இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன, அதில் எத்தனை பெண்களுக்கு, எந்த அடிப்படையில், விண்ணப்பம் கோருவது எப்போது என்று நான்கு கேள்விகள். நான் எழுத, அவர் வாசித்து, "தயவுசெய்து" என்ற சொல்லை மூன்று இடத்தில் வெட்டச் சொன்னார். ஒன்றை மட்டும் விட்டோம். மகள் கைபேசியில் படம் எடுத்து வைத்தாள். முகவரி எழுதும் இடத்தில் அக்கா கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்தார். பிறகு வெள்ளவத்தை முகவரியை எழுதினார்.

"சரி, நீர் வெளிக்கிடும் தங்கச்சி, நேரம் போட்டுது" என்று எழும்பினார். காலைக்கு நாற்பது இடியப்பம் கூடுதலாகக் கேட்டிருந்தார்களாம். மா இன்னும் அரிக்கவில்லை.