மரை கழன்ற கதை

எழுத்தாளனுக்கு மோட்டார் சைக்கிள் எதற்கு என்று கேட்காத நண்பர் எனக்கு இல்லை. சைக்கிளில் போகிறவன் யோசித்துக்கொண்டு போகலாம். பஸ்ஸில் போகிறவன் மனிதர்களைப் பார்த்துக்கொண்டு போகலாம். புல்லட்டில் போகிறவன் புல்லட்டைத் தவிர வேறெதையும் நினைக்க முடியாது என்றார் ஒருவர். அவர் சொன்னது வாஸ்தவம். ஆனால் வேறெதையும் நினைக்காமல் இருப்பதற்குத் தினம் அரை மணி நேரம் கிடைத்தால் அதுவே பெரிய காரியம் என்று எனக்குத் தோன்றிய காலம் அது. கோயமுத்தூரில் குடியிருந்தேன். 1989ல் ஒரு பழைய வண்டியை வாங்கினேன்.

1968ம் வருஷத்து வண்டி. திருவொற்றியூரில் செய்தது. 1955ல் இங்கிலாந்துக் கம்பெனியும் சென்னையில் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து தொடங்கிய சம்பந்தம் அது. 1970 வாக்கில் பிறந்த வீட்டில் அடுப்பு அணைந்துவிட்டது. புகுந்த வீட்டில் குடித்தனம் தடையில்லாமல் நடந்துகொண்டிருந்தது. பல வருஷம் அதே எஞ்சினைப் பெரிய மாறுதல் இல்லாமல் செய்துகொண்டு வந்ததால், அரதப் பழசான என் வண்டிக்கும் கடையில் சாமான் கிடைத்தது. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். ஆம்ப் மீட்டரின் முள் நடுவுக்கு வருகிறதா என்று பார்த்து, டீகம்ப்ரஸர் பிடியை அழுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓர் உதை உதைத்தால் கிளம்பும். முறை தவறி உதைத்தால் கணுக்கால் போகும். மற்றபடி உத்தமமான வண்டி.

ஒரே ஒரு குறை, எண்ணெய் ஒழுகும். இடது பக்கம் செயின் மூடிக்குக் கீழே, ராத்திரிக்கு நாலணா அகலத்துக்கு ஒரு பொட்டு. வீட்டுக்காரர் அப்போதுதான் முன்கூடத்துக்கு மொசைக் போட்டிருந்தார். அதனால் தினம் ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு செய்தித்தாளை விரிப்பேன். காலையில் என் மனைவி அதை மடித்து, பழைய பேப்பர்காரனுக்கென்று மாடிப்படிக்கு அடியில் அடுக்கிவிடுவாள். எண்ணெய் பட்ட காகிதத்துக்கு எடை கூடுதல் என்பது அவள் கட்சி. இந்த விஷயத்தை வாசகர் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1993ல், ஆடி மாதம் என்று நினைவு, எண்ணெய் மாற்றுவதற்காக வண்டியை ஷெட்டில் விட்டேன். நாலு வருஷமாக விடுகிற இடம். தகரக் கொட்டகை, வேப்பமரம், மரத்தில் அறைந்த ஒரு பலகை: 'வண்டிகள் உரிமையாளர் பொறுப்பில் விடப்படுகின்றன.' ஷெட்டுக்காரர் கெட்டிக்காரர். வண்டி தெருமுனை திரும்பும்போதே சத்தத்தை வைத்து இன்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். அவரிடம் பதினாறு வயதுப் பையன் ஒருவன் வேலை கற்றுக்கொண்டிருந்தான். கையில் எப்போதும் கிரீஸ், காதில் எப்போதும் ஒரு பீடி. பீடி அவனுடையதல்ல, ஷெட்டுக்காரருடையது. அவர் கை நீட்டும்போது எடுத்துக் கொடுக்க வேண்டும்.

எண்ணெய் மாற்றுவது ஒரு பிரமாதமான வேலையல்ல. எஞ்சினுக்கு அடியில் இருக்கிற போல்ட்டைக் கழற்றிப் பழைய எண்ணெயை வடித்துவிட்டு, போல்ட்டைத் திரும்ப முடுக்கிப் புது எண்ணெயை ஊற்ற வேண்டியது. சாயங்காலம் போய்க் கூலியைக் கொடுத்து வண்டியை எடுத்துவந்தேன். மறுநாள் காலை காகிதத்தில் இரண்டு பொட்டு. வழக்கமான பொட்டு இடது பக்கம். புதிய பொட்டு நட்டநடுவில். நாலாம் நாள் அது தோசை அகலத்துக்கு வந்துவிட்டது.

தரையில் படுத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். போல்ட்டைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஏதோ அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். குழாய் ஒழுகினால் வைப்போமே, எம்-ஸீல், அந்தப் பசை. போல்ட்டை விரலால் தொட்டேன், சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. போல்ட் இரும்பு, எஞ்சின் கூடு அலுமினியம். ஒழுகாமல் காப்பது இடையில் இருக்கிற வாஷர்தான். அது உட்காருகிற அளவுக்கு முடுக்கினால் போதும். ஸ்பானர் நீளமாக இருக்கிறதே என்று அதற்கு மேலும் அழுத்தினால் இரும்பு ஜெயிக்கும், அலுமினியம் தோற்கும். மரை போய்விடும். மரை போய்விட்டது.

போனது கூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. பசையைப் பார்த்ததும்தான் தலைக்கு ஏறியது.

ஷெட்டுக்குப் போனேன். ஷெட்டுக்காரர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"புல்லட்டுன்னா ஒழுகத்தானுங்க செய்யும். ஒழுகலீன்னா உள்ள எண்ணெய் இல்லீன்னு அர்த்தமுங்க."

"இது நடுவிலே ஒழுகுகிறது."

"முன்னாடியே இருந்திருக்குமுங்க. நீங்க இப்பத்தான் பார்த்திருப்பீங்க."

"பசை?"

"எந்தப் பசைங்க?"

என்னோடு வாதாடுவதற்கு அவருக்கு நேரமில்லை. இன்னொரு வண்டிக்கு அடியில் புகுந்துகொண்டார். பையன் ஒரு துணியால் ஒரே ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

எதிர்வீட்டில் ஒரு வக்கீல். வழக்கு என்றால் அவருக்குக் காப்பி மாதிரி. விஷயத்தைக் கேட்டதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். "1872ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், 148ம் பிரிவு. அடகு வைத்த நகை, வெளுக்கப் போட்ட துணி, ரிப்பேருக்கு விட்ட வண்டி எல்லாம் ஒரே ஜாதி. 151ம் பிரிவு என்ன சொல்கிறது? புத்தியுள்ள ஒருத்தன் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வானோ, அப்படி இவன் உங்கள் பொருளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். உரிமையாளர் பொறுப்பு என்று மரத்தில் பலகை அடித்தால் 151 ஓடிப்போய்விடுமா?" கூலியைக் கொடுக்காமல் இருந்திருக்கலாமோ என்று கேட்டேன். "தப்பு. வேலை செய்தவன் கூலி வருகிற வரைக்கும் பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம், 170ம் பிரிவு. கொடுத்து ரசீது வாங்கியதுதான் சரி. இப்போது 1986 நுகர்வோர் சட்டம் வேறு வந்திருக்கிறது. ஸ்டாம்பு கிடையாது, வக்கீலே கூட வேண்டாம்." இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

(அந்தச் சட்டம் போய், 2019ம் வருஷத்துச் சட்டம் 2020ல் அமலுக்கு வந்துவிட்டது. ஐந்து லட்சம் ரூபாய்க்குள் கொடுத்து வாங்கிய பொருளோ வேலையோ ஆனால், இப்போதும் புகாருக்குக் கட்டணம் இல்லை. உபயோகப்படுகிறவர்களுக்கு உபயோகப்படட்டும்.)

"சாட்சியம் இருக்கிறதா?" என்றார் வக்கீல்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். என் மனைவி மாடிப்படிக்கு அடியிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டாள். ஷெட்டில் விடுவதற்கு முந்தைய பதினைந்து நாளைய தாள்கள்; ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு, தலைப்பில் தேதி. பிந்தைய நாலு தாள்கள்; ஒவ்வொன்றிலும் இரண்டு பொட்டு, தலைப்பில் தேதி. வக்கீல் அவற்றைத் தரையில் வரிசையாகப் பரப்பிப் பார்த்தார். கோயிலில் தீபாராதனை பார்க்கிறவர் முகம் மாதிரி இருந்தது. முப்பது வருஷத் தொழிலில் இப்படி ஒரு சாட்சியத்தைத் தாம் கண்டதில்லை என்றார்.

கோர்ட்டுக்குப் போகிற உத்தேசம் எனக்கு இல்லை. 'நாங்கதான் பண்ணிட்டோம்' என்ற ஒரு வாக்கியம் வேண்டும், அவ்வளவுதான். ஆயிரக்கணக்கான வாக்கியங்களைப் பிறர் வாயில் போட்டு எழுதுகிறவனுக்கு, ஒரு மனிதர் தாமாக வாய் திறந்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும் என்று அப்படி ஓர் ஆவல்.

காகிதக் கட்டோடு போனேன். ஷெட்டுக்காரர் முதலில் சிரித்தார். மூன்றாவது தாளைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. கடைசித் தாளை மடித்து என் கையில் கொடுத்தார்.

"பையன் பண்ணிப்போட்டானுங்க," என்றார்.

பையன் நிமிரவில்லை.

"கணபதியில லேத்துல குடுத்துச் சரிபண்ணிக்குங்க. என்ன ஆகுதோ பில்லைக் கொண்டாங்க. வாரம் இருபது ரூபாயா அவன் சம்பளத்துல புடிச்சுக் குடுத்தர்றேன்."

எனக்கு வேண்டிய வாக்கியம் வந்துவிட்டது; ஆனால் எழுவாய் மாறி வந்திருந்தது. பையனுடைய சம்பளத்தில் பிடிக்க வேண்டாம், ஷெட்டுதான் பொறுப்பு என்றேன். 'அப்படின்னா நீங்களே குடுத்துருங்க' என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். இதற்கு எந்தப் பிரிவு என்று எனக்குத் தெரியவில்லை. வக்கீலிடம் கேட்கவும் மனம் வரவில்லை.

கணபதியில் தெருவுக்குத் தெரு லேத். அறிமுகமான ஒரு பட்டறையில் கொண்டுபோய் விட்டேன். பட்டறைக்காரர் எண்ணெயை வடித்துவிட்டு, கோணிச் சாக்கை விரித்து வண்டியை அதன்மேல் ஒருக்களித்துச் சாய்த்தார். வயதான மாட்டை லாடம் அடிக்கப் படுக்க வைத்த மாதிரி இருந்தது. அலுமினியத் தூள் உள்ளே உதிராமல் டாப்பின் பல்லில் கிரீஸ் தடவி, ஒரு சுற்றுப் பெரிய மரையாக வெட்டினார். அதற்கு ஏற்ற போல்ட்டை என் கண் முன்னாலேயே கடைந்து போட்டார். அறுபது ரூபாய். அந்தக் கைக்கு அது குறைவு.

கிளம்பும்போது பழைய போல்ட்டை ஒரு துணியில் வைத்துக் காட்டினார். அதன் சுற்றுக்களில் அலுமினியம் சுருள் சுருளாகச் சிக்கியிருந்தது.

"இது ஒரே நாள்ல போன மரை இல்லீங்க. இந்தா, இந்த ரெண்டு சுத்து மட்டும் பளபளன்னு இருக்குது பாருங்க, இது இப்பப் போனது. மிச்சமெல்லாம் கறுத்துக் கெடக்குது. எப்பவோ ஒருத்தன் கொழாய மாட்டி இறுக்கியிருக்கறான். அன்னிக்கே முக்காவாசி போயிருச்சு. இப்ப யார் தொட்டாலும் கைல வந்திருக்குமுங்க."

நான் ஒன்றும் சொல்லவில்லை. கோணிச் சாக்கின் மேல் கிடந்த கிரீஸ் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1991ல், கையேட்டைப் படித்துவிட்டு நானே எண்ணெய் மாற்றுவேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் உட்கார்ந்தேன். முடுக்கியது போதாதோ, வழியில் கழன்று விழுந்துவிடுமோ என்று பயம். கிணற்றடியில் கிடந்த இரண்டடித் தண்ணீர்க் குழாயை ஸ்பானரில் மாட்டி, முட்டியை ஊன்றிக்கொண்டு ஓர் அழுத்து அழுத்தினேன். என்னவோ 'கிரிச்' என்றது. நன்றாக இறுகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அதை இரண்டு வருஷமாக நான் நினைக்கவே இல்லை. மறந்துபோயிற்று என்று சொல்லலாம். ஆனால் பட்டறைக்காரர் 'கொழாய்' என்றதும் அந்தச் சத்தம் அப்படியே காதில் கேட்டது.

இரண்டு நாள் வண்டியை எடுக்கவில்லை. பேசாமல் இருந்துவிடலாம். பசை வைத்தது பசை வைத்ததுதானே, அதை நானா வைத்தேன் என்று ஒரு வாதம் மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. வக்கீலைவிட நன்றாக வாதாடினேன். ஆனால் சனிக்கிழமை வந்துவிட்டது. சனிக்கிழமை ஷெட்டில் சம்பள நாள்.

நான் போனபோது பையன் நாற்பது ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். வழக்கமாக அறுபது. ஷெட்டுக்காரரிடம் போல்ட்டைக் கொடுத்து, பட்டறைக்காரர் சொன்னதைச் சொன்னேன். தண்ணீர்க் குழாயையும் சொன்னேன்.

அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "நான் அன்னைக்கே சொன்னனுங்களா இல்லீங்களா, முன்னாடியே இருந்திருக்கும்னு!" பக்கத்துப் பஞ்சர் கடைக்காரரைக் கூப்பிட்டார், அவருக்கும் சொன்னார். டீ கொண்டுவந்த பையனுக்கும் சொன்னார். "எழுத்தாளருங்க, கொழாயப் போட்டு இறுக்கியிருக்கறாருங்க!" மரை கழன்றது வண்டிக்கா எனக்கா என்று அவர்கள் கேட்கவில்லையே தவிர, எல்லார் முகத்திலும் அந்தக் கேள்வி இருந்தது. நின்று வாங்கிக்கொண்டேன். சிரிப்பு அடங்கியதும் கேட்டேன்:

"சரி. அந்தப் பசையை வைத்தது யார்?"

பஞ்சர் கடைக்காரர் தமக்கு வேலை இருப்பதாக நினைத்துக்கொண்டு போனார். ஷெட்டுக்காரர் போல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பீடிக்காகக் கையை நீட்டினார். பையன் எடுத்துக் கொடுத்தான். பற்றவைக்காமல் வைத்துக்கொண்டிருந்தார்.

"நான்தானுங்க," என்றார். "அன்னிக்கு ஏழு வண்டி நின்னுது. இவன் வந்து சொன்னான், அண்ணா, மரை சுத்துதுங்கண்ணான்னு. ஒங்ககிட்டச் சொல்லோணும்னும் சொன்னான். நான்தான் வாய மூடிட்டுப் பசைய வெச்சு விடுறான்னேன்."

மேஜை டிராயரைத் திறந்து இருபது ரூபாயை எடுத்துப் பையனிடம் கொடுத்தார். பையன் அதை எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டான். பிறகு, லேத்துக்கு எவ்வளவு என்று என்னைக் கேட்டார். அறுபது என்றேன். முப்பது ரூபாயை எண்ணி மேஜை மேல் வைத்தார். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டேன்.

வக்கீலுக்கு நான் சமாதானமாகப் போனதில் வருத்தம். அந்தக் காகிதக் கட்டைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டபோது வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறமும் கோயமுத்தூரை விட்டு வரும் வரையில் அதே ஷெட்டில்தான் விட்டேன். அடுத்த முறை எண்ணெய் மாற்றப் போனபோது பையன்தான் அடியில் படுத்திருந்தான். இருக்கிறதில் குட்டையான ஸ்பானரை எடுத்து, அதையும் தலைப்பக்கமாக இரண்டு விரலால் பிடித்து முடுக்கினான். முடித்துவிட்டு வெளியே தலையை நீட்டினான்.

"சார், வந்து பாத்துக்குங்க."

குனிந்து பார்த்தேன். இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. சரியாக இருக்கிறது என்றேன்.