ஜாதவ்பூர்: ஒரு குடும்பம், இரண்டு ஆயுள்

பெங்காலியிடம் நலம் விசாரித்துப் பாருங்கள். வயிற்றுப் பொருமலில் ஆரம்பித்து, பாட்டனார் எத்தனை வயதுவரை இருந்தார் என்பதில் வந்து நிற்பார். தெற்கு கொல்கத்தாவின் ஜாதவ்பூரில் இந்தப் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. 8பி பஸ் நிலையத்தைத் தாண்டினால் பிஜய்கர். இரண்டாம் உலகப் போர் முடிந்து ராணுவம் காலி செய்த பாசறைகளில் கிழக்கு வங்க அகதிகள் குடியேறிய பகுதி. அன்று கைக்குழந்தைகளாக வந்தவர்கள் இன்று எண்பதைத் தொட்ட தாத்தா, பாட்டிகள். 'வம்சம் அப்படி' என்று ஒரு கட்சி. மீனும் காலை நடையும்தான் காரணம் என்று இன்னொரு கட்சி.

இந்த வழக்குக்கு நல்ல சாட்சி ராஜா சுபோத் மல்லிக் சாலையில் இருக்கிறது. இன்று கே.பி.சி. மருத்துவக் கல்லூரி நிற்கும் நிலம் ஒரு காலத்தில் ஜாதவ்பூர் காசநோய் மருத்துவமனை. சென்னைக்குத் தாம்பரம் சானடோரியம் மாதிரி. கவிஞர் சுகாந்த பட்டாச்சார்யா 1947 மே 13 அன்று அந்த மருத்துவமனையில் இறந்தார். வயது 20. அவருடைய 21-வது பிறந்த நாள்தான் இந்தியாவின் முதல் சுதந்திர தினம்.

சுகாந்தர், முன்னாள் முதல்வர் புத்ததேவ் பட்டாச்சார்யாவின் தந்தைக்கு ஒன்றுவிட்ட சகோதரர். புத்ததேவ் 1987 முதல் 2011 வரை இதே ஜாதவ்பூர் தொகுதியின் எம்.எல்.ஏ. அவருடைய சிகரெட் பழக்கம் ஊரறிந்தது. நுரையீரல் நோயோடு பல ஆண்டுகள் மல்லாடி, 2024 ஆகஸ்ட் 8 அன்று 80 வயதில் காலமானார். ஒரே குடும்பம், ஆயுளில் இடைவெளி 60 வருடம். இரண்டு கட்சிகளுமே இங்கே சற்றுத் திணறும்.

டென்மார்க்கில் 1870 முதல் 1900 வரை பிறந்த இரட்டையர்களை வைத்து 1996-ல் வெளியான ஆய்வு, ஆயுள் வித்தியாசத்தில் மரபணுவின் பங்கு ஏறக்குறைய கால்வாசி என்றது. தொற்றுநோய், விபத்து போன்ற சாவுகளைக் கணக்கிலிருந்து விலக்கினால் அது பாதியாகிறது என்று 2026-ல் இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனத்தினர் சொன்னார்கள். இருக்கட்டும். விலக்கப்படும் அந்தப் பட்டியலில்தான் சுகாந்தர் இருக்கிறார்.

மிச்சத்தை எல்லாம் 'வாழ்க்கை முறை' கணக்கில் எழுதிவிடுவதும் அவசரம். சுகாந்தர் காலத்தில் காசநோய்க்குச் சிகிச்சையே வாழ்க்கை முறைதான்: நல்ல காற்று, ஓய்வு, சத்தான உணவு. 1943-ல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் இங்கே சாதாரண நோயாளிக்கு எட்டாத சரக்கு. சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தது. நெருக்கடியான வீட்டில், அரைகுறைச் சாப்பாட்டோடு, வேலைக்கும் போய்க்கொண்டு ஓராண்டு மருந்து சாப்பிட்ட சென்னை ஏழைகள், சானடோரியத்தில் படுத்து நன்றாகச் சாப்பிட்டவர்களுக்கு ஏறக்குறைய சமமாகக் குணமடைந்தார்கள். 1959-ல் வெளியான அந்த முடிவுக்குப் பிறகு உலகெங்கும் சானடோரியங்கள் காலியாகத் தொடங்கின.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2023-ல் இந்தியாவில் காசநோய்க்குப் பலியானவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். அரசு மருத்துவமனைகளில் அதற்கான மருந்து இலவசம்.