எந்தத் தெரு?

சென்னையில் 2023 நவம்பர் முதல் வேக வரம்பு தெளிவாக இருக்கிறது: கார் 60, இருசக்கர வாகனம் 50, ஆட்டோ 40, குடியிருப்புப் பகுதிகளில் 30. ரேடார் கருவி வேகத்தையும் நம்பர் பிளேட்டையும்தான் பார்க்கும். ஓட்டுகிறவர் எந்தத் தெரு என்று அதற்குக் கேட்கத் தெரியாது.

எங்கள் இராஜபாளையத்தில்? திருமங்கலம் - கொல்லம் சாலையில் கார்கள் பறக்கின்றன. சோதனையோ காலனி முக்கில் நடக்கிறது. மில் ஷிப்ட் முடிந்து வரும் எங்கள் தம்பிகளை மறிக்கிறார்கள். லைசென்ஸுக்கு முன்னால் வரும் கேள்வி, "எந்தத் தெருடா?" எங்களில் ஒருவர் போன மாதம் தெருவின் பெயரைச் சொன்னார். உடனே வண்டிச் சாவியை உருவிக்கொண்டார்கள். வேகம் எவ்வளவு என்று கடைசி வரை யாரும் சொல்லவில்லை.

வேகத்தைத் தடுக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்தச் சாலையை நடந்து கடப்பவர்கள் எங்கள் அம்மாக்களும் பிள்ளைகளும்தான்.

2021-இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ, கண்காணிப்புக் கருவி உள்ள இடத்துக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை வைக்கச் சொல்கிறது. பலகை வையுங்கள். கருவி வையுங்கள். அளந்து காட்டி 1000 ரூபாய் அபராதம் போடுங்கள், ரசீது வாங்கிக்கொண்டு கட்டுகிறோம்.

பிறந்த தெருவுக்கு எந்தச் சட்டத்திலும் அபராதம் கிடையாது.