பத்தாண்டு பிந்திய கணினி

25 அக்டோபர் 2025, சனி

தீபாவளி முறுக்கு டின்னை நகர்த்திய பிறகுதான் மேசையில் கணினிக்கு இடம் கிடைத்தது. மலேசியாவின் சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டத்தில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற அந்த 66 வயதுக்காரரை ஊரில் இன்னும் கிராணியார் என்றே கூப்பிடுகிறார்கள். தஞ்சோங் மாலிமில் பழைய கணினி விற்கும் கடை ஒன்றில் 350 வெள்ளி கொடுத்துப் பெட்டியைத் தூக்கி வந்திருந்தார். இன்டெல் ஐ5, ஆறாம் தலைமுறை. 8 ஜிபி நினைவகம். ஏதோ ஓர் அலுவலகத்தில் உழைத்துச் சலித்த கறுப்புப் பெட்டி.

விலை மலிவுக்குக் காரணம் உண்டு. இம்மாதம் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்தது. பதிந்துகொள்பவர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும். விண்டோஸ் 11-ஓ, எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் சில்லுகள் பெரும்பாலானவற்றை ஏற்பதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிகளும் இதனால் அலுவலகங்களுக்கு வேண்டாதவை ஆகிவிடுகின்றன.

கணினி பேத்திக்காக. படிவம் நான்கு மாணவி. 1942-இல் இதே ஊரில் நடந்த போரைப் பற்றி வரலாற்று இடுபணி எழுதவேண்டும். கைப்பேசியின் சின்னத் திரையில் படித்துக் கண் எரிகிறதாம்.

இரவு விசையைத் தட்டியதும் கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. நேரம் குறிக்கப்படவில்லை, தொடர எஃப்1 தட்டவும் என்பது அதன் பொருள்.

“அது என்னமோ கேட்குது தாத்தா, தட்டிவிட்டாப் போதும்” என்றாள் பேத்தி. தட்டினாள். விண்டோஸ் வந்தது.

26 அக்டோபர், ஞாயிறு

பல அலுவலகப் பெட்டிகளைப் போல இதிலும் வைஃபை இல்லை. ரவுட்டர் முன்வாசல் கூடத்தில், கணினி பின்னறையில். இரண்டுக்கும் நடுவே 15 மீட்டர் கம்பி தேவைப்பட்டது. பக்கத்து வீட்டுத் தம்பி வயரிங் வேலை செய்பவர். பசியாறிவிட்டு, கம்பிச் சுருளும் அழுத்தும் கருவியுமாக வந்தார்.

கம்பிக்குள் எட்டு இழைகள், நான்கு ஜோடிகள். வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இந்த வரிசையில் இழைகளை அடுக்கி முனையில் செருகி அழுத்தவேண்டும். முதல் தடவை பொருத்தியதும் விளக்கு எரிந்தது. ஆனால் கணினி காட்டிய வேகம் 100 மெகாபிட். தம்பி முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, பழுப்பு இழை உள்ளே முழுதாக எட்டவில்லை என்றார். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். 1,000 மெகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் தொடவேண்டும். ஒன்று விலகினாலும் இணைப்பு சத்தமில்லாமல் கீழே இறங்கிக்கொள்ளும். நறுக்கிவிட்டு மறுபடி அழுத்தினார். 1,000 வந்தது.

இந்த வீட்டுக்கு லைன் வந்த கதையும் நீளமானதுதான். 1990-களின் கடைசியில் 1515 எண்ணைச் சுழற்றித்தான் டிஎம்நெட் இணையத்துக்குள் நுழைய வேண்டும். இணைப்பில் இருக்கும்வரை தொலைபேசியில் வேறு யாரும் பேச முடியாது. 2001-இல் தொலைபேசிக் கம்பியிலேயே ஓடும் ஸ்ட்ரீமிக்ஸ் அகலப்பட்டை வந்தது. செப்புக் கம்பியில் தொலைபேசி நிலையத்திலிருந்து விலக விலகச் சமிக்ஞை மெலியும். தோட்டத்து லயங்கள் பெரும்பாலும் தொலைவில்தான் இருந்தன. ஒளியிழையில் வரும் யூனிஃபை நாட்டில் அறிமுகமானது 2010-இல். கிராணியார் தோட்டத்தை விட்டு ஊருக்குள் குடிவந்த பிறகுதான் அவருக்கு ஒளியிழை வாய்த்தது.

27 அக்டோபர், திங்கள்

லைன் இருக்கிறது, பக்கம் திறக்கவில்லை.

எந்தத் தளத்துக்குப் போனாலும் இணைப்பு பாதுகாப்பானதல்ல என்ற எச்சரிக்கையே வந்தது. பேத்தியின் கைப்பேசியில், அதே ரவுட்டரில், எல்லாம் ஓடியது. உதவி எண்ணை அழைத்தார்கள். ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள், அணைத்துப் போட்டார்கள். மறுபடியும் அதே எச்சரிக்கை. பழைய பெட்டி வாங்கினால் இப்படித்தான் என்று வீட்டில் முணுமுணுப்பு தொடங்கியது.

இரவு கிராணியார் நாட்குறிப்பை எடுத்தார். முப்பது வருடம் செக்ரோல் என்னும் ஆள்பதிவேடு எழுதிய கை. முதலில் தேதியைப் போடாமல் அவருக்கு ஒரு வரியும் ஓடாது. 27.10.2025 என்று எழுதிவிட்டு நிமிர்ந்தவரின் கண்ணில் திரையின் மூலை பட்டது. 1.1.2016.

“ஆயி, இதுக்கு இன்னைக்கு என்ன தேதி?”

கோளாறு அதுதான். ஒவ்வோர் இணையத் தளமும் தன்னை மெய்ப்பிக்க ஒரு சான்றிதழை நீட்டுகிறது. எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை செல்லும் என்று அதில் எழுதியிருக்கும். 2020 செப்டம்பர் முதல் வழங்கப்பட்ட பொதுச் சான்றிதழ்கள் 398 நாளுக்கு மேல் செல்லாது. பல தளங்களில் 90 நாள்தான். 2016-இல் உட்கார்ந்திருக்கும் கணினிக்கு 2025-இல் தொடங்கும் சான்றிதழ் இன்னும் பிறக்காத ஒன்று. அடுத்த மாதத் தேதி போட்ட காசோலையை வங்கி திருப்பி அனுப்புவதை எத்தனையோ முறை பார்த்த கிராணியாருக்கு இதை விளக்கவே தேவைப்படவில்லை.

கணினி இணையத்தைக் கேட்டுத் தன் கடிகாரத்தைத் தானே திருத்திக்கொள்ளக் கூடாதா? அதற்கென்றே 1980-களில் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் மில்ஸ் உருவாக்கிய ஒழுங்குமுறை இன்றும் உலகெங்கும் ஓடுகிறது. ஆனால் வீட்டுக் கணினியில் விண்டோஸின் நேரச் சேவை, வழக்கமான அமைப்பில், 15 மணி நேரத்துக்கு மேல் பிசகிய கடிகாரத்தைத் தானாகத் தொடாது. ஏறக்குறைய பத்து வருடப் பிசகுக்கு மனிதக் கைதான் வேண்டும். பேத்தி தேதியை மாற்றினாள். பக்கங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

28 அக்டோபர், செவ்வாய்

காலையில் மறுபடி 2016.

இடிக்குப் பயந்து இரவில் பிளக்கைப் பிடுங்கி வைப்பது கிராணியாரின் வழக்கம். மின்சாரம் இல்லாத நேரத்தில் கணினியின் கடிகாரத்தை ஓட வைப்பது உள்ளே இருக்கும் ஒரு பொத்தான் பேட்டரி. அது செத்துப்போனால் ஒவ்வொரு விடியலும் அந்தப் பெட்டிக்குப் புத்தாண்டுதான். முதல் நாள் எஃப்1 தட்டித் தாண்டிவிட்ட வரி இதைத்தான் சொல்லியிருக்கிறது.

பேட்டரியின் பெயர் சிஆர்2032. அளவு பெயரிலேயே இருக்கிறது: குறுக்களவு 20 மில்லிமீட்டர், கனம் 3.2. காடிச் சாவிகள் பலவற்றிலும் இருப்பது இதுவே. பக்கத்துக் கடையில் வாங்கி வந்து, பிளக் பிடுங்கியபடி மூடியைக் கழற்றி மாற்றினார்கள்.

வேலை செய்துகொண்டே பேத்திக்கு ஒரு பழைய கதை சொன்னார். 1981 டிசம்பர் 31 இரவு தீபகற்ப மலேசியா முழுவதும் கடிகாரங்கள் 11.30-இலிருந்து நேரே 12-க்குத் தாவின. சபா, சரவாக்கோடு ஒரே நேரம் வரவேண்டும் என்பதற்காக. அப்போது அவருக்கு 22 வயது. தோட்டத்தில் காலையில் பேர் கொடுக்க அழைக்கும் பெரட்டு மணி அடிக்கும் நேரம் மாறவில்லை. விடியல்தான் அரை மணி தள்ளிப்போனது. டார்ச் லைட்டோடு வந்து பேர் கொடுத்தவர்கள், அந்த அரை மணி நேரத் தூக்கத்தை யார் எடுத்துக்கொண்டது என்று கிராணியாரிடம்தான் கேட்டார்களாம்.

29 அக்டோபர், புதன்

இரவெல்லாம் பிளக் பிடுங்கிக் கிடந்த பெட்டி, காலையில் எஃப்1 கேட்காமல் எழுந்தது.

பேத்தி இடுபணியில் இறங்கினாள். 1942 ஜனவரி 7, விடியலுக்கு முன்பு, ஜப்பானிய டாங்கிகள் துரோலாக் வழியாகப் பெருஞ்சாலையில் இறங்கின. காப்பு நின்றது 11-ஆவது இந்தியப் படைப்பிரிவு. பின்னால் இருந்த அணிகளுக்குச் செய்தி எட்டுமுன் டாங்கிகள் எட்டிவிட்டன. சாலையில் நடந்துகொண்டிருந்த கூர்க்காக்கள் முதுகுப் பக்கம் இரைச்சல் கேட்டுத்தான் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் காலையிலேயே சிலிம் ஆற்றுப் பாலம் கைமாறியது. 11-ஆம் தேதி கோலாலம்பூர் விழுந்தது. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர். அதன்பின் மலாயாக் கடிகாரங்கள் தோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னே தள்ளப்பட்டன.

“அப்போ இந்தச் சண்டைக்குப் போட்டிருக்கிற மணி எந்த நேரம் தாத்தா? நம்மளோடதா, அவங்களோடதா?”

நல்ல கேள்வி, அதையே இடுபணியில் முதல் வரியாக எழுது என்றார் கிராணியார். பிறகு திரையின் மூலையைப் பார்த்தார், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அது இரண்டு நிமிடம் பின்னால் இருந்தது. திருகியை மெல்ல இழுத்து முள்ளை நகர்த்தினார்.