கம்பியும் தணலும்

பெங்களூரில் கபாப் என்று கேட்டால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு பண்டங்கள் கிடைக்கும். மிலிட்டரி ஓட்டலிலும் பாரிலும் தெருமுனைத் தள்ளுவண்டியிலும் அது சோள மாவும் முட்டையும் மிளகாய்த்தூளும் பூசி எண்ணெயில் பொரித்த சிவந்த கோழித்துண்டு. சிவாஜி நகர்ச் சந்துகளிலோ அது கம்பியில் கோத்துக் கரித்தணலில் வாட்டிய இறைச்சி. நோன்பு மாதத்து மாலைகளில் அந்தப் பகுதியே அந்தப் புகையில் மிதக்கும். முதல் வகைக்கு ஒரு வாணலி போதும். வீட்டில் செய்யக் கொஞ்சம் பழக்கம் கேட்பது இரண்டாவது வகைதான். அதற்கான மசாலாவை யாரும் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். நெருப்பைப் பற்றித்தான் அதிகம் பேர் பேசுவதில்லை.

கபாப் என்ற பெயர் மேற்காசியாவிலிருந்து வந்தது. கம்பியில் இறைச்சி சுடுவது அப்படி வந்ததல்ல. கரிகாலனின் விருந்தைச் சொல்லும் பொருநராற்றுப்படையில் இரும்புக் கம்பியில் சுட்ட கொழுத்த இறைச்சி வருகிறது; சூடு பொறுக்காமல் அதை வாய்க்குள் இப்படியும் அப்படியும் மாற்றித் தின்ற நுணுக்கம்கூட அதில் உண்டு. கன்னட நாட்டில் கல்யாணியிலிருந்து ஆண்ட மேலைச் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன், 12ஆம் நூற்றாண்டில் எழுதுவித்த மானசோல்லாசத்தின் உணவுப் பகுதியில் தணலில் வாட்டும் இறைச்சி வகைகளையும் சேர்த்திருக்கிறான்.

கபாப்புக்கு ஆட்டுத் தொடைக்கறி நல்லது. எலும்பில்லாமல் ஓர் அங்குலத் துண்டுகளாக வெட்டித் தரச் சொல்ல வேண்டும். அதைவிடச் சிறிதானால் உள்ளே வேகும் முன் காய்ந்துபோகும். மண்டியா வட்டாரத்தின் குட்டைக்கால் செம்மறியான பன்னூர் ஆடு, தசையோடு இழைந்த கொழுப்புக்குப் பேர்போனது, தணலுக்குப் பொருத்தமானது. பன்னூர் மட்டன் என்று எழுதிய பலகைகள் நகரில் இருக்கும் அளவுக்குப் பன்னூர் ஆடுகள் இருக்குமா என்பது வேறு கேள்வி. காலையில் அறுத்த கறியை மதியமே கம்பியில் ஏற்றினால் ரப்பர்போல இழுக்கும். அறுத்த சில மணி நேரத்தில் தசை விறைத்து, பிறகு மெல்லத் தளர்வதே இதற்குக் காரணம். ஒரு நாள் ஃபிரிட்ஜில் இருந்த கறி மிருதுவாகிவிடும். கோழி என்றால் தொடையே வேண்டும். நெஞ்சுக்கறியில் கொழுப்பு குறைவு, தணல் அதைச் சக்கையாக்கிவிடும்.

சீக் கபாப்புக்குக் கைமா. ஐந்தில் ஒரு பங்காவது கொழுப்பு சேர்த்து இரண்டு முறை அரைத்து வாங்க வேண்டும். அரைத்த கறியை உப்போடு சேர்த்துப் பத்து நிமிடம் நன்றாகப் பிசைந்தால் தசைப்புரதம் கரைந்து வெளியே வந்து பசையாகும். அந்தப் பசைதான் கைமாவைக் கம்பியில் பிடித்து நிறுத்துகிறது. முட்டையும் கடலை மாவும் சேர்ப்பது பிசையச் சோம்பியவர்களின் வழி. வெங்காயத்தைப் பொடியாக நறுக்கிப் பிழிந்து தண்ணீரை வடித்த பிறகே சேர்க்க வேண்டும். கம்பி தட்டையாக இருக்க வேண்டும். உருண்டைக் கம்பியில் கைமா சுற்றிக்கொண்டே இருக்கும். கம்பியைத் திருப்பினாலும் அது திரும்பாது.

ஊறவைக்கும் மசாலாவில் கவனிக்க வேண்டியவை மூன்று. கிலோவுக்கு 15 கிராம் அளவில் உப்பு; அது முன்கூட்டியே சேர்ந்தால்தான் உள்ளே இறங்கும். தண்ணீர் வடித்த கெட்டித் தயிர். ஆட்டுக்கறிக்கு மட்டும் பச்சைப் பப்பாளிக்காய் விழுது, கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி. பப்பாளியிலுள்ள பப்பாயின் என்ற நொதி புரதத்தை அறுக்கும். ஓரிரு மணி நேரத்துக்கு மேல் விட்டால் கறியின் மேல்பரப்பு கூழாகி, நார் தெரியாத மாவாகிவிடும். இரவு முழுக்க ஊறட்டும் என்று நினைப்பவர்கள் பப்பாளியைச் சுடுவதற்கு ஓரிரு மணி நேரம் முன்பு சேர்ப்பது உத்தமம்.

நிறத்துக்கு என்ன செய்வது என்ற கேள்விக்குக் கர்நாடகத்திலேயே பதில் இருக்கிறது. ஓட்டல் கபாப் மாதிரிகளில் சன்செட் எல்லோ, கார்மோசின் முதலிய சாயங்கள் இருப்பது தெரிந்து, 2024 ஜூனில் மாநில அரசு கபாப்பில் செயற்கை நிறம் சேர்ப்பதைத் தடை செய்தது. ஹாவேரி மாவட்டத்தின் பியாடகி மிளகாய் இந்தச் சாயங்களுக்கு வேலையே இல்லாமல் செய்துவிடும். சுருக்கம் விழுந்த தோல், குறைந்த காரம், அடர்ந்த சிவப்பு. 2011இல் புவிசார் குறியீடும் பெற்றது. வெந்நீரில் ஊறவைத்து அரைத்துக் கொஞ்சம் எண்ணெயோடு சேர்த்தால் நிறம் நன்றாக இறங்கும், ஏனென்றால் மிளகாயின் நிறமி எண்ணெயில்தான் கரையும்.

காய்கறிக்கு வருமுன் ஒரு வழக்கத்தைக் கைவிட வேண்டும். ஒரு துண்டு கறி, ஒரு துண்டு குடைமிளகாய், ஒரு வெங்காயம், ஒரு தக்காளி என மாற்றி மாற்றிக் கோத்த கம்பி படத்துக்கு அழகு, வாய்க்கு அல்ல. குடைமிளகாய்க்கு ஐந்தாறு நிமிடம், ஆட்டுக்கறிக்கு அதன் இரண்டு பங்குக்கு மேல். கறி வேகக் காத்திருந்தால் காய் கருகும்; காயைக் காப்பாற்றினால் கறி பச்சையாக நிற்கும். ஆகவே காய்க்குத் தனிக் கம்பி, தனி நேரம். பச்சைக் கறி ஊறிய மசாலாவைக் காயில் பூசாமல் இருக்கவும் இதுவே வழி. சைவம் சாப்பிடுபவர் வீட்டில் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

கோலார், சிக்கபள்ளாபூர் பக்கம் விளையும் பெங்களூர் ரோஸ் வெங்காயம் உருவில் சிறியது. உரித்து முழுசாகவே கோக்கலாம். பெங்களூர் கத்திரிக்காய் நீர்ச்சத்து மிகுந்தது. சிறு உருளைக்கிழங்கைப்போல அதையும் முக்கால் வேக்காடு வேகவைத்துத் துடைத்த பிறகே எண்ணெய் தடவ வேண்டும். காளானை நீரில் ஊறவிடாமல் ஈரத்துணியால் துடைத்தால் போதும். பன்னீர் தணலில் உருகாது, அமிலத்தால் திரிந்த பால் சூட்டில் இளகுவதில்லை. ஆனால் ஓரம் சிவந்ததுமே எடுக்காவிட்டால் கட்டையாகிவிடும். மூங்கில் குச்சியானால் அரைமணி தண்ணீரில் கிடக்கட்டும்.

இனி நெருப்பு. கரியில் இரண்டு வகை எளிதில் கிடைக்கும். ஒன்று, தமிழகத்தில் சீமைக் கருவேலம் என்றும் கர்நாடகத்தில் பள்ளாரி ஜாலி என்றும் வசவு வாங்கும் மரத்தின் கரி. ராமநாதபுரம் வட்டாரத்தில் மூட்டம் போட்டு எரிப்பது இதைத்தான். கனமானது, நின்று எரியும். மற்றது கொட்டாங்குச்சிக் கரி, புகை குறைவு. கரி எங்கே கிடைக்கும் என்று தெரியாதவர் தெருமுனை இஸ்திரிக் கடையில் விசாரிக்கலாம். பற்றவைக்க மண்ணெண்ணெய் கூடாது, அந்த வாடை கறியில் ஏறிவிடும். எண்ணெயில் நனைத்த காகிதமும் விசிறியும் போதும்.

கரி பற்றியவுடன் கம்பியை வைப்பதே வீடுகளில் நடக்கும் பெரிய பிழை. கொழுந்துவிடும் நெருப்பு மேலே கருக்கும், உள்ளே தொடாது. அரைமணி நேரமாவது பொறுத்தால் கொழுந்து அடங்கி, கரியின்மேல் சாம்பல் பூத்து, உள்ளே சிவப்பு கனியும். கறியை வேகவைப்பது அப்போது வீசும் அனல்தான். உள்ளங்கையைக் கம்பி இருக்கும் உயரத்தில் நீட்டி எண்ணிப் பார்க்கலாம்: மூன்று எண்ணுமுன் கை விலகினால் ஆட்டுக்கறிக்கும் கைமாவுக்கும் ஏற்ற சூடு, ஐந்தாறு எண்ண முடிந்தால் கோழிக்கும் காய்க்கும். இதனால்தான் தணலை அடுப்பில் ஒரு பக்கம் குவித்தும் மறுபக்கம் பரப்பியும் வைப்பது நல்லது. கறியின் பின் காய் என்ற வரிசையும் இயல்பாக அமைந்துவிடும், ஏனென்றால் தணல் தானே தணிந்துகொண்டு வரும்.

கடையில் வாங்கும் அடுப்போடு வரும் வலைத்தட்டைக் கழற்றி வைத்துவிடலாம். சிவாஜி நகர்க் கடைகளில் வலை கிடையாது. நீளமான இரும்புத் தொட்டியின் இரு விளிம்புகளில் கம்பி பாலமாகக் கிடக்கும். கறி எதையும் தொடாது, ஆகவே ஒட்டாது. தணலுக்கும் கறிக்கும் நான்கு விரற்கடை இடைவெளி போதும். நிமிடத்துக்கு ஒரு தரம் கால் சுற்றுத் திருப்ப வேண்டும். கொழுப்பு சொட்டும்போது எழும் புகைதான் கபாப்பின் மணம், ஆனால் அதே சொட்டு கொழுந்தாக எழுந்து கறியை நக்கினால் கசப்பும் உடம்புக்கு ஆகாத கருகலும் சேரும். கம்பியை உடனே பரப்பிய பக்கத்துக்கு நகர்த்திவிட வேண்டும். தேன், சர்க்கரை தடவுவதெல்லாம் கடைசி ஒரு நிமிடத்தில். கோழியின் உள்வெப்பம் 74 டிகிரி செல்சியஸ், கைமாவுக்கு 71. வெப்பமானி இல்லாவிட்டால் பெரிய துண்டைப் பிளந்து பார்ப்பதில் வெட்கம் வேண்டாம். இறக்கியதும் ஐந்து நிமிடம் ஆறவிட்டால் சாறு வெட்டும்போது வழிந்தோடாது.

கண்ணாடி அடைத்த பால்கனியில் கரி அடுப்பு வைக்கவே கூடாது. தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, ஜன்னல் ஒன்று திறந்திருப்பது அதற்குப் பரிகாரமாகாது. மொட்டைமாடிக்குக் குடியிருப்போர் சங்கம் அனுமதித்தால் பெங்களூரில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். மே மாதமும் செப்டம்பர், அக்டோபரும் மாலை மழைக்குரியவை. மாடி கிடைக்காதவர்க்கு ஓவனின் மேல்சூடு உண்டு. புகைமணம் வேண்டுமென்றால், வெந்த கறியின் நடுவே சின்னக் கிண்ணத்தில் ஒரு துண்டுத் தணலை வைத்து, நெய் ஒரு சொட்டு விட்டு, மூடி ஐந்து நிமிடம் விடலாம். அடுப்பில் சுட்டதற்கு முக்கால் பங்கு வரும்.

எல்லாம் முடிந்தபின் மிஞ்சிய தணலை இறுக மூடும் இரும்பு டப்பாவில் இட்டு அடைத்தால் காற்றில்லாமல் அணையும். அந்தக் கரி அடுத்த முறை சீக்கிரம் பற்றும். சாம்பலுக்குள் சூடு மணிக்கணக்கில் ஒளிந்திருக்கும் என்பதால் அதை மறுநாள்தான் குப்பையில் கொட்ட வேண்டும்.