இலையில் ஒரு தழும்பு

பூக்காத நாள்களில் ஆர்க்கிட் செடியை எவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. பூக்கள் உதிர்ந்தபின் எஞ்சி நிற்பவை தடித்த நான்கைந்து இலைகளும், தொட்டிக்கு வெளியே நீளும் வெண்சாம்பல் நிற வேர்களுமே. ஆயினும், செடியின் நலத்தை அறிய விரும்புவோர் அந்த இலைகளைத்தான் பார்க்க வேண்டும்.

வடகிழக்கு இந்தியாவின் காடுகளில் ஆர்க்கிட்டுகள் மிகுதி. அசாமின் மாநில மலரான ‘கொபௌ பூல்’ ஓர் ஆர்க்கிட்டே. பிகுத் திருநாளில் அசாமியப் பெண்கள் அதனைக் கூந்தலில் சூடி ஆடுவர். அது மரக்கிளையைப் பற்றி வளர்வது; ஆனால், மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. மழைநீரையும் காற்றின் ஈரத்தையும் தன் வேர்களாலேயே பெற்றுக்கொள்கிறது. கடைகளில் தொட்டியோடு விற்கப்படும் அந்துப்பூச்சி ஆர்க்கிட்டும் இவ்வாறு மரத்தைப் பற்றி வாழும் இனமே. மர நிழலினூடே வடிந்துவரும் மெல்லிய ஒளிதான் அதற்குப் பழக்கமானது.

குவாஹாட்டியின் மாலிகாவ் ரயில்வே குடியிருப்பில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றுக்கு அத்தகைய செடி கிடைத்தது. பணிமாற்றத்தால் ஊரைவிட்டுச் சென்ற அசாமிய அண்டை வீட்டார், அதனை அவ்வீட்டுச் சிறுமியின் கையில் ஒப்படைத்துச் சென்றிருந்தனர். மார்ச் மாதத்தில் ஒருநாள், அதன் மேல் இலையில் ரூபாய் நாணயத்தின் அளவில் வெளிறிய புள்ளி ஒன்று தோன்றியது. இரண்டு நாள்களில் அதன் நடுப்பகுதி பழுப்பாகி, ஓரம் கறுத்தது. மற்றச் செடிகளுக்கும் நோய் பரவுமுன் அதனை எறிந்துவிடலாம் என்றார் தாய். பூச்சிமருந்து வாங்கி வரலாம் என்றார் தந்தை. சிறுமிக்கோ அழுகை வந்தது.

அன்றிரவு திருநெல்வேலியிலிருந்து தொலைபேசியில் பேசினார் ஆச்சி. அவர் ஆர்க்கிட்டைக் கண்டதில்லை. ஆனால், வீட்டுக் கொல்லையில் வெற்றிலைக்கொடி வளர்ப்பவர். “மருந்து பிறகு இருக்கட்டும் தாயி. புள்ளி வருவதற்கு முன்னால் வீட்டில் என்ன மாறியது என்று பார்” என்றார்.

மறுநாள் முதல் சிறுமி செடியை ஆராயத் தொடங்கினாள். நகத்தால் மெல்லச் சுரண்டினாள், புள்ளி பெயரவில்லை. செதிற்பூச்சியாக இருந்தால் பெயர்ந்து வந்திருக்கும், இலையும் பிசுபிசுத்திருக்கும். தொட்டுப் பார்த்தாள், அவ்விடம் காய்ந்திருந்தது. பாக்டீரியா அழுகலாக இருந்தால் நீர் கோத்து, விரைவாகப் பரவியிருக்கும். நச்சுயிரி நோயில் கோடுகளும் வளையங்களும் பல இலைகளில் தோன்றக்கூடும். அந்நோய்க்கு மருந்து இல்லை. நோயுற்ற செடியை வெட்டிய கத்தியே அதனை அடுத்த செடிக்குக் கொண்டு சென்றுவிடும். இங்கே புள்ளி இருந்ததோ ஒரே இலையில்; அதுவும் சன்னலை நோக்கி வளைந்த மேட்டில்.

சிறுமி புள்ளியை அளந்து, தேதியிட்டுக் குறிப்பேட்டில் வரைந்தாள். ஐந்து நாள்கள் சென்றும் அளவு மாறவில்லை. அப்போதுதான் ஆச்சியின் கேள்விக்கு விடை கிடைத்தது. சென்ற வாரம் சன்னலின் திரைச்சீலையைத் துவைப்பதற்காகக் கழற்றியிருந்தனர், மீண்டும் மாட்டவில்லை. மேற்கு வெயில் நேராக இலைமீது விழுந்திருந்தது. செடிக்கு வந்தது நோயன்று. வெயில் சுட்ட புண்.

மருந்து வாங்கவில்லை, செடியை எறியவும் இல்லை. திரைச்சீலை மீண்டும் தொங்கியது; அவ்வளவே மருத்துவம்.

கருகிய இடம் மறுபடியும் பச்சையாவதில்லை. அந்த இலை உதிரும்வரை தழும்பு இருக்கும். தழும்பு மறையவில்லை என்பதால் செடி தேறவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. செடி தேறியதா என்பதைப் புதிய இலையில் காணவேண்டும். மழைக்காலம் தொடங்கியபோது, தழும்புற்ற இலைக்கு மேலே விரலளவு தளிர் ஒன்று, மாசு மறுவின்றி, ஒளியை நோக்கி எழுந்தது.