திருவசனத்தின் வெளிப்பொருளும் உட்பொருளும்

கெமாஸ் இரயில் சந்திப்பைச் சூழ்ந்த நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் தமிழும் மலாயும் அருகருகே புழங்குவதால், அங்குள்ள தமிழ் முஸ்லிம்களுக்குத் திருக்குர்ஆனை விளங்கிக்கொள்ள இரு வாயில்கள் திறந்திருக்கின்றன: ஒன்று, அப்துல் ஹமீது பாகவியின் முழுமையான தமிழ் மொழிபெயர்ப்பு, மற்றொன்று, 17ஆம் நூற்றாண்டில் அப்துர் ரவூஃப் சிங்கிலி எழுதிய முதல் முழு மலாய் விரிவுரையிலிருந்து, அறிஞர் ஹம்கா 1960களில் பெரும்பகுதியைச் சிறையில் எழுதிய ‘தஃப்சீர் அல்-அஸ்ஹர்’ வரை நீளும் மரபு.

எந்த வாயில் வழியே நுழைந்தாலும் எதிர்கொள்ளும், வெளிப்பொருள், உட்பொருள் என்ற பொருள் அடுக்குகள் பற்றிய விவாதத்திற்குக் குர்ஆனே தோற்றுவாய். அதன் 3:7ஆம் வசனம், தெளிவான பொருளுடைய ‘முஹ்கமாத்’ வசனங்களை வேதத்தின் அடிப்படையாக வைத்து, பல பொருளுக்கு இடம்தரும் ‘முதஷாபிஹாத்’ வசனங்களை வேறுபடுத்துகிறது. பின்னவற்றின் விளக்கத்தை இறைவன் மட்டுமே அறிவான் என நிறுத்தி ஓதுவோரும், அறிவில் ஆழ்ந்தோரும் அறிவர் எனச் சேர்த்து ஓதுவோரும் உண்டு.

9ஆம் நூற்றாண்டுச் சூஃபி அறிஞர் சஹ்ல் துஸ்தரி ஒவ்வொரு வசனத்திலும் நான்கு பொருள்நிலைகளைக் கண்டார்: ஓதப்படும் வெளிநிலையான ‘ழாஹிர்’, புரிதலான ‘பாத்தின்’, ஆகுமானது விலக்கப்பட்டது எனும் எல்லையான ‘ஹத்’, இறைவன் நாடிய பொருளை உள்ளம் எட்டும் ‘மத்லஃ’. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, ஒளி வசனத்தில் (24:35) உவமையாக வரும் மாடத்தையும் கண்ணாடியையும் விளக்கையும் மனித அறிவாற்றலின் படிகளாக விளக்கியபோதும், உட்பொருளுக்காக வெளிப்பொருளைக் கைவிடுவதை உறுதியாக மறுத்தார்.

தம் விளக்கமே இறுதியானது என்று எவரும் பிறரை ஒதுக்கத் துணியும் இக்காலத்தில், வெளிப்பொருளைப் பேணியவாறே ஆழத்திற்கு இடம்விட்ட இந்த அறிவுப் பணிவு தமிழிலும் மலாயிலும் கற்பிக்கப்பட வேண்டியதாகும்.